ஒன்பதாம் கொப்பி, நாற்பத்தோராம் பக்கம்

ரிஸ்வான் தொலைபேசியில் அழைத்தபோது நான் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டி நகரில் புதிதாக மாட்டிய ஒரு பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகள் நான்கு இடத்தில் காலொடிந்து கிடந்தன. பத்திரிகைக்கு நான் எழுதும் வாரப் பத்திக்கு அது போதும். முதல் பந்தி நன்றாக வந்துவிட்ட திருப்தியில் தொலைபேசியை எடுத்தேன்.

"அண்ணன், அருளம்பலம் சேர் போயிட்டாங்க," என்றார். "காலையில. கதிரையில இருந்தபடியே. அக்கா உங்களுக்கு முதல்ல செல்லச் சென்னாங்க."

ரிஸ்வான் அலவத்துகொடைக்காரர், 'சொல்ல' என்பதைச் 'செல்ல' என்பவர், பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிப்பவர். அக்கா என்றது அருளம்பலத்தின் மனைவி இராசேஸ்வரி அக்காவை. செய்தி கேட்டதும் எனக்குத் துக்கம் வந்தது. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் வேறொன்று வந்தது: இனி அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார் என்ற ஆறுதல். அந்த ஆறுதலுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் கையில் தரப்படும் இந்த நினைவு மலரில் அவருடைய பிறப்பு, படிப்பு, உத்தியோகம், உறவுமுறை எல்லாம் வேறு பக்கங்களில் இருக்கின்றன. அவர் எப்படிப்பட்டவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். அம்பிட்டிய பஸ்ஸில் அவர் பக்கத்தில் இருந்து பயணம் செய்த எவருக்கும் தெரியும். டிக்கற்றில் உள்ள எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டுவார். வந்த விடையை மறுபடியும் திருப்பிப் போட்டுக் கூட்டுவார். முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒரே எண் வரும்வரை இறங்க மாட்டார். இரண்டு தடவை தன் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். கலியாண அழைப்பிதழ் கொடுத்தால் திகதியைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மணமக்கள் யாரென்று பார்ப்பார்.

"இவருக்கு என்ரை பிறந்தநாள் ஞாபகம் இராது," என்பார் அக்கா. "அதைத் திருப்பிப் போட்டுக் கூட்டினால் என்ன வரும் எண்டு கேளுங்கோ, உடனை சொல்லுவார்."

"ஏழாவது படியிலை சரிவரும்," என்பார் அவர் பெருமையாக. "நல்ல பிறந்தநாள்."

அவரைப் பிடித்திருந்த பைத்தியம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. 87ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் 78. இரண்டையும் கூட்டினால் 165. அதைத் திருப்பிப் போட்டுக் கூட்டினால் 726. மறுபடி செய்தால் 1353. மறுபடி செய்தால் 4884. இரண்டு பக்கமும் ஒன்று, கணக்கு முடிந்தது. சிறிய எண்களில் பெரும்பாலானவை இப்படிச் சீக்கிரமே முடிந்துவிடும். 89 சற்றுப் பிடிவாதக்காரன்; இருபத்துநான்கு படி ஏறுவான். முடிந்ததாக இதுவரை யாரும் காணாத எண்களில் மிகச் சிறியது 196. கணினிகள் அதைக் கோடிக்கணக்கான இலக்கங்கள்வரை துரத்திப் பார்த்துவிட்டன, முடியவில்லை. ஒருபோதும் முடியாது என்று நிறுவவும் யாராலும் முடியவில்லை.

கணினி செய்ததை ஏன் கையால் செய்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்டோம். "கொம்பியூட்டர் கூட்டும்; பாக்காது," என்பார். அவர் தேடியது விடையை அல்ல. கூட்டும்போது பத்தைத் தாண்டினால் அடுத்த இடத்துக்கு ஒன்று கொண்டுபோகிறோமே, அந்த ஒன்று எங்கெங்கே விழுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அது பிடிபட்டால் 196 ஏன் முடிவதில்லை என்பதும் பிடிபடும். அதற்காகச் சதுரக்கோட்டுக் கொப்பிகளில் பென்சிலால் எழுதினார். எண்ணுக்கு ஒரு பக்கம். முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் 196 தன் சிறிய கூட்டலோடு தனியாக இருந்தது, கூட்டத்துக்கு நேரத்தோடு வந்துவிட்ட பிரமுகரைப் போல. கொண்டுபோகும் ஒன்று விழும் இடங்களிலெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி.

நான் மடுல்கெல்லக்காரன். கண்டியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். மற்றவர்கள் எழுதியதை அச்சாகுமுன் வாசித்துப் பிழை திருத்தும் வேலை. அவருடைய கணக்குப் பயிற்சிப் புத்தகம் எங்களிடம் அச்சுக்கு வந்தபோது, விடைப் பக்கத்தில் ஓர் இடத்தில் அடையாளம் வைத்து அனுப்பினேன். மறுநாள் ஆள் நேரே வந்துவிட்டார்.

"ஆர் இதைப் பிடிச்சது?"

"நான்தான் சேர்."

"நீர் கணக்குப் படிச்சனீரோ?"

"இல்லீங்க சேர். எட்டாம் பக்கத்துல நீங்க செஞ்சு காட்டியிருக்கிற விடை ஒண்ணு. பின்னால அச்சாகியிருக்கிற விடை வேற. ரெண்டையும் பாத்தேன், அவ்வளவுதான்."

"அப்ப நீர் வாசிக்கிறனீர்," என்றார். "சனம் வாசிக்கிறேல்லை. வாசிச்சமாதிரிப் பாக்குது."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை. அதை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து காலை பத்து மணிக்கு அம்பிட்டியவில் அவர் வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு கதிரை போடப்பட்டது. ஒரு பக்கத்தின் அடியில் வரும் விடையை அவர் அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்தெழுதுவார். இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. கூட்டலில் பிழை விட்டால் அவருக்கே தெரிந்துவிடும்; ஒன்பதால் ஒரு சோதனை, பதினொன்றால் ஒரு சோதனை வைத்திருந்தார். ஆனால் எடுத்தெழுதும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிக்கொண்டால், அதாவது 386 என்பது 683 ஆகிவிட்டால், இரண்டு சோதனைகளும் அதைக் கண்டுகொள்ளா.

"அதுக்கு மனிசக் கண்தான் வேணும்," என்றார். "அதுவும் கணக்குத் தெரியாத கண். தெரிஞ்ச கண் என்ன வரவேணும் எண்டு முதலே நினைச்சுப்போடும்."

நான் பின்னாலிருந்து வாசிப்பேன். மெய்ப்புப் பார்ப்பவர்களின் பழைய வழி அது. பின்னாலிருந்து வரும்போது பொருள் குறுக்கே வந்து ஏமாற்றாது. வாசித்து முடித்ததும் பக்கத்தின் மேல்மூலையில் சிவப்புப் பென்சிலால் 'சரி' என்று எழுதுவேன். 'சரி' விழுந்த பக்கத்தை அவர் மறுபடி சோதிப்பதில்லை. பிழை பிடித்தால் எழுந்து வந்து கை கொடுப்பார். அந்த வருடங்களில் ஆறு தடவை கை கொடுத்திருக்கிறார். அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ரெண்டு பெரிய மனிசர் இருந்து ஒண்டு, ரெண்டு வாசிக்கினம். ஆரும் வந்தால் கதவைச் சாத்தவோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒன்பதாம் கொப்பிக்கு வந்தபோது எண் ஏறக்குறைய இருநூற்றெண்பது இலக்கம் நீண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை மழை. பத்திக்கு விஷயம் கிடைக்காத வாரம். விஷயமோ எதிரே இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது. ஓர் எண்ணைத் திருப்பித் திருப்பிப் போட்டே வயதுபோன ஒரு மனிதரைப் பற்றிய முதல் வாக்கியம் என் கண்ணுக்கும் கொப்பிக்கும் நடுவே வந்து நின்றது. நல்ல வாக்கியம். இன்றும் ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அதை மனத்துக்குள் முடித்தபோது என் கை நாற்பத்தோராம் பக்கத்தில் 'சரி' என்று எழுதி முடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஓர் இலக்கத்தையும் நான் வாசிக்கவில்லை. வாசிக்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். நாற்பதும் நாற்பத்தொன்றும் கொப்பியை விரித்தால் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் பக்கங்கள். தாளைத் திருப்பும் சிரமம்கூட இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பத்தி வெளிவந்திருந்தது.

பெயர் போடாமல்தான் எழுதியிருந்தேன். கண்டியில் தமிழ் வாசிக்கும் அனைவருக்கும் ஆள் யாரென்று விளங்கியது. அவர் பத்திரிகையை மடித்து மேசையில் வைத்திருந்தார்.

"நல்லாய்ச் சிரிச்சம்," என்றார். "ஒரு பிழை கிடக்கு. 89க்கு இருபத்துமூண்டு படி எண்டு போட்டிருக்கிறீர். இருபத்துநாலு."

நான் வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தில் அன்றைய பக்கங்களை இரண்டு தடவை வாசித்தேன். நாற்பத்தோராம் பக்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, பன்னிரண்டாம் கொப்பி முடிந்தபோது, அவர் தான் தேடியதைக் கண்டுவிட்டதாகச் சொன்னார். கடைசி மூன்று கொப்பிகளிலும் சிவப்புப் புள்ளிகள் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்றார். வெளியே சொல்லுமுன் சரிபார்க்க வேண்டும் என்று ரிஸ்வானை வரவழைத்தார். அன்று அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ரிஸ்வான் மடிக்கணினியை மேசையில் வைத்துக் கொப்பி கொப்பியாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சேர், ஒன்பதாம் கொப்பி நாப்பதாம் பக்கம் வரைக்கும் அப்படியே இரிக்கி," என்றார் ரிஸ்வான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாப்பத்தொண்டுல ரெண்டு இலக்கம் இடம் மாறி இரிக்கி. 386 வரணும். 683 எண்டு விழுந்திரிக்கி."

அதற்குப் பின்னால் இருநூற்றெழுபத்தொன்பது பக்கங்கள் இருந்தன. அவர் கண்டுபிடித்த ஒழுங்கு 196இன் ஒழுங்கு அல்ல. ஒரு பிழையின் ஒழுங்கு.

அவர் கொப்பியை வாங்கி, உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் அழிறப்பர் பட்ட தடம் இருந்தது. அவருடைய பக்கங்களில் அந்தத் தடம் இல்லாத இடம் குறைவு. பிறகு மூலையில் இருந்த சிவப்புச் 'சரி'யைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் இதை வாசிச்சனீரோ?"

குற்றம் சாட்டும் குரல் அல்ல. தகவல் கேட்கும் குரல். இல்லை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. ரிஸ்வான் என்னைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தார். ஊரிலுள்ள பெயர்ப்பலகைகளின் பிழைகளை எல்லாம் பிடிக்கிற நான் அந்த மூவரின் முன்னால் இருந்தேன்.

"வாசிச்சேன் சேர்."

"வடிவா?"

"எழுத்தெழுத்தா. மூணு, எட்டு, ஆறுன்னு வாசிச்சது இன்னும் காதுல இருக்கு."

பொய்க்கு விவரம் வேண்டும் என்பது என் தொழில் அறிவு. அந்த விவரத்திலும் ஒரு பிழை உண்டு. நான் பின்னாலிருந்து வாசிக்கிறவன். 386ஐ உண்மையில் வாசித்திருந்தால் என் காதில் இருக்க வேண்டியது ஆறு, எட்டு, மூன்று. எண்களைத் திருப்பிப் போடுவதிலேயே வாழ்ந்த மனிதர் அதைக் கவனிக்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பிடித்திருப்பார். என் சொல்லை மட்டும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை.

"அப்ப நான்தான்," என்றார். "நீர் சரி போட்ட பிறகு நான் அழிச்சு எழுதியிருக்கிறன். எழுதினது ஞாபகம் இல்லை. என்ரை கை எனக்குச் சொல்லாமல் ஒண்டு செய்திருக்கு."

மறுவாரம் அவரே வைத்தியரிடம் போக வேண்டும் என்றார். அக்கா கேட்டதால் நானும் கூடப் போனேன். வைத்தியர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னார். அவர் தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று இறங்கி, இரண்டுக்கு வந்தும் நிற்காமல், பூச்சியத்துக்குக் கீழே போய் மறை ஐந்து, மறை பன்னிரண்டு என்று தொடர்ந்தார். வைத்தியர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டி நிறுத்தினார். எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே என்றார் இவர். அவருக்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது அந்தத் தாளை என்னிடம் தந்தார். "டொக்டருக்கு ஏழு தெரியும், நாப்பத்தோராம் பக்கம் தெரியாது," என்றார். "அதிலை உம்மடை சரி கிடக்கு."

பதினாறு படிகள். நானும் எண்ணினேன். எந்தப் படியில் நின்றும் சொல்லியிருக்கலாம். அவருடைய முழங்கையைப் பிடித்துப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டேன்.

அதன் பின் அவர் வாழ்ந்தது மூன்று வருடம். கொப்பிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டார். பஸ் டிக்கற்றைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைப்பார். பிறகு பஸ்ஸில் தனியே போவதையும் நிறுத்தினார். மறதி அவருக்கு இருக்கவில்லை. மறந்திருப்பேனோ என்ற சந்தேகம் இருந்தது. அதற்கு மருந்து கிடையாது. ஒரு நாள் நான் இருக்கும்போதே கேட்டார்:

"நான் காஸ் அடுப்பை நிப்பாட்டினனானோ?"

"நீங்கள் இண்டைக்குக் குசினிப் பக்கமே வரேல்லை," என்றார் அக்கா.

"வந்திட்டு மறந்திருப்பன்."

அக்கா எழுந்து போய், எரியாத அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, "நிப்பாட்டியாச்சு," என்றார்.

சனிக்கிழமைகளில் நான் தொடர்ந்து போனேன். இப்போது பத்திரிகை வாசித்துக் காட்டுவது என் வேலை. கண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தான் வாசிப்பதை அவர் நம்பவில்லை. "நீர் வாசியும்," என்பார். "நீர் வாசிச்சால் அது அங்கை இருக்கும்." நான் வாசித்தேன். என் பத்தி வந்த பக்கத்தைத் தாண்டிப் போனேன். சில நாள் அவரே கேட்டார்: "உம்மடையது இல்லையோ இந்தக் கிழமை?" இல்லை என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

மஹியாவ மயானத்தில் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது ரிஸ்வான் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"ஒண்டு செல்லணும் அண்ணன். அண்டைக்குப் பொறகு நான் மிச்சக் கொப்பியையும் கொம்பியூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். நாப்பத்தொண்டுல தொடங்கின நம்பர்தான் பிழை. அதுக்குப் பொறகு இருநூத்தெழுபத்தொம்பது பக்கம், ஒரு பிழையும் இல்ல. மறதிக்காரர் அப்படிப் போடுவாங்களா?"

"சேர்ட்ட சொன்னீங்களா?"

"செல்லத்தான் போனேன். 'அந்தக் கொப்பியளைப் பற்றிக் கதைக்க வேண்டாம் தம்பி' எண்டுட்டாங்க. அக்காவும் அழுதாங்க. நான் விட்டுட்டேன்."

சில நாட்களில் அக்கா அழைத்தார். "மலருக்கு நீங்கள்தான் எழுத வேணும் தம்பி. அச்சுக்குக் குடுக்க முதல் முழுக்க ஒருக்கா வாசிச்சும் விடுங்கோ. நீங்கள் வாசிச்சால் பிழை இராது எண்டு இவர் எப்பவும் சொல்லுறவர்."

ஒரு கட்டுரை எழுதினேன். பஸ் டிக்கற், கலியாண அழைப்பிதழ், 89இன் பிடிவாதம் எல்லாம் இருந்தன. சிரிக்கலாம், கடைசியில் சற்றுக் கண் கலங்கவும் செய்யலாம். அதை எடுத்துக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் தந்த டிக்கற்றைத் திருப்பிப் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் படிக்குமேல் மனக்கணக்கு எனக்கு வரவில்லை. கட்டுரையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அக்காவின் முன்னால் இருந்து, மேலே எழுதியதை எல்லாம் வாயால் சொன்னேன்.

அக்கா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மூண்டு வருஷம் எரியாத அடுப்பை நிப்பாட்டினன்," என்றார் பிறகு. "நான் சொன்னதை இவர் நம்பேல்லை. டொக்டர் சொன்னதையும் நம்பேல்லை."

நான் தலை குனிந்திருந்தேன்.

"உங்களை நம்பினவர்."

உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒன்பதாம் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எனக்குச் சொன்னதை எழுதுங்கோ. ஒண்டும் வெட்ட வேண்டாம். இவருக்கு அறளை பேந்திட்டுது, மறதி பிடிச்சிட்டுது எண்டு சொந்தக்காரரெல்லாம் கதைச்சவை. இல்லை எண்டு அச்சிலை வரவேணும்."

அன்று அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி தரப்படவில்லை.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, இது அச்சில் வருகிறது: அருளம்பலம் அவர்களுக்கு மறதி இருக்கவில்லை. அவருடைய புத்தி கடைசி நாள்வரை பழுதில்லாமல் இருந்தது. அவர் எடுத்தெழுதும்போது எவருக்கும் நேரக்கூடிய ஒரு பிழை விட்டார். அதைப் பிடிக்க ஒருவனை வைத்திருந்தார். அவன் வாசிக்கவில்லை. வாசித்ததாகச் சொன்னான். இந்த மலரின் மற்றப் பக்கங்களை நான் இரண்டு தடவை பின்னாலிருந்து வாசித்திருக்கிறேன். அப்படியும் என் சொல்லை நம்ப வேண்டாம்; நீங்களும் ஒருமுறை வாசியுங்கள்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது இந்தக் கொப்பி. மூலையில் இருக்கும் சிவப்புச் 'சரி'யை அழிக்க நினைத்து, அழிறப்பரை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் அழித்தது போதும்.

நேற்றுச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கொப்பியை விரித்து, நாற்பதாம் பக்கத்தின் கடைசி எண்ணையும் நாற்பத்தோராம் பக்கத்தின் முதல் எண்ணையும் பின்னாலிருந்து, இலக்கம் இலக்கமாக, வாய்விட்டு வாசித்தேன். அந்த இடம் வந்தது: ஒரு பக்கத்தில் ஆறு, எட்டு, மூன்று, மற்றப் பக்கத்தில் மூன்று, எட்டு, ஆறு. அங்கே நிறுத்தாமல் கடைசி இலக்கம்வரை வாசித்து முடித்தேன்.

ஒன்பது நிமிடம் எடுத்தது.